சத்தம் வரட்டும் என்று காத்திருப்பதா?

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய நீரைக் கடந்து வந்த என் தந்தையின் வாடகை வண்டி, நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்வண்டிக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி! "பிரேக் நனைஞ்சிட்டுலே, கீச்சுன்னு சத்தம் வந்தா மாத்திக்கிடுவோம்" என்றார்.

நண்பர்களே! இந்த எண்ணம் தவறானது. மும்பையில் வாடகை வண்டிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. 2003-இல் பதிவான கடைசிப் பிரிமியர் பத்மினியும் 2023 அக்டோபரில் விடைபெற்றது. வண்டிக்கு வயது குறிக்கலாம். பிரேக் பேடுக்குக் குறிக்க இயலாது. அடிக்கடி நின்று செல்லும் நகரத்து வண்டியில் அது விரைவில் தேயும். அளந்து பார்ப்பதே வழி. புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர்; 3 மில்லிமீட்டர் ஆனதும் மாற்றிவிடவேண்டும். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லையேல் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை தாழும். இரண்டாண்டுக்கொருமுறை அதையும் மாற்றுவது நலம்.

எல்லாப் பேடுகளும் கீச்சிட்டு எச்சரிப்பதில்லை. இரும்போடு இரும்பு உரசினால் வட்டும் கெட்டுச் செலவு பெருகும்.

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்று தேர்வில் எழுதுகிறோம். வீட்டு வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தோமா? முதுகலை இயற்பியல் பயிலும் நானும் பார்த்ததில்லை. மறுநாள் அளந்தேன், இரண்டு மில்லிமீட்டரே இருந்தது. அன்றே மாற்றினோம்.

பிழைக்க வந்த குடும்பத்துக்கு ஒருநாள் வருமானம் பெரிதுதான். ஓட்டுகிறவரின் உயிர் அதனினும் பெரிதன்றோ?