உப்பை மாற்றாதீர்கள், குறையுங்கள்

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றதும் டயாலிசிஸ்தான் கண்முன் வருகிறது. ஆனால் இந்த நோயோடு வாழ்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தை எட்டுவதே இல்லை. அவர்களுடைய நலத்தில் அடுப்படிக்குப் பெரிய பங்கு உண்டு. உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளைச் சிதைக்கிறது. சிதைந்த சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறி, அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இந்தச் சுழலை உடைக்க மாத்திரை மட்டும் போதாது. உப்பு மிகுந்தால், சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்கத் தரும் மாத்திரையின் பலனே மங்கிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உப்பு வரம்பு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். இந்துப்புக்கு மாறிவிட்டோமே என்பார்கள் சிலர். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்போ சிறுநீரக நோயாளிகளுக்கு இன்னும் ஆபத்து. அதில் சேர்க்கும் பொட்டாசியத்தைப் பழுதடைந்த சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த நாக்கின் வேதனை உண்மையானது, அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதுவரை மிளகும் சீரகமும் பூண்டும் கறிவேப்பிலையும் கைகொடுக்கும்.