பத்தாயிரம் ரூபாய்க் கோடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்குப் பத்தாயிரம். மதுரையிலோ திருப்பூரிலோ ஒரு கொத்தனாரின் நாள்கூலி என்ன என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதத்தில் பதினைந்து நாள் வேலை கிடைத்தாலே அவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். மனைவியும் சித்தாள் வேலைக்குப் போனால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அவரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். சான்றில் ஏதோ ஒரு தொகை, வரம்புக்குள் அடங்குகிற மாதிரி, எழுதப்பட்டிருக்கும். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், அதை ஸ்கேன் செய்து ஏற்றுகிற நமக்கும் தெரியும்.

2022 ஜனவரியில் யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு அடுத்து என்ன என்ற பேச்சு நம் துறைக்குள் நடந்துகொண்டிருக்கிறது. வருமான வரம்பை இன்னும் உயர்த்தலாம் என்கிறார்கள் சிலர். காப்பீட்டுத் தொகையை ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சமாக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். புறநோயாளிச் செலவையும் சேர்க்கலாம் என்ற குரலும் உண்டு. வரம்பை உயர்த்துவதில் பயனில்லை, அதை எடுத்துவிடுவதே சரி என்பது இந்த இதழின் கருத்து. அதற்கு முன்னால் பேக்கேஜ் கட்டணங்களைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்கிறோம். பின்னதைச் செய்யாமல் முன்னதைச் செய்தால் அட்டைதான் பெருகும்.

வரம்பின் வரலாறே அதற்கு எதிரான சாட்சி. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது 72,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2012 ஜனவரியில் திட்டம் வேறு பெயரில், வேறு நிறுவனத்தோடு மறுபடி தொடங்கியபோதும் அதே 72,000. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து காப்பீட்டுத் தொகை ஐந்து லட்சமானது. வருமான வரம்பு அசையவில்லை. 1,20,000 ஆனது 2022 புதுப்பித்தலை ஒட்டித்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அரிசி விலையும் கூலியும் எங்கே போயின என்று பார்த்தால், இன்று எந்தத் தொகையை வைத்தாலும் ஒப்பந்தம் முடிவதற்குள் அது பழசாகிவிடும் என்பது விளங்கும்.

இந்தக் கோட்டினால் உண்மையில் அடிபடுகிறவர் பொய்ச் சான்று வாங்க முடியாதவர். வங்கிக் கடனுக்காக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த ஆட்டோ உரிமையாளர். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இஎஸ்ஐ-யிலிருந்து வெளியே வந்த ஜவுளிக்கடை சூப்பர்வைசர். வருமானம் காகிதத்தில் பதிவானதுதான் இவர்கள் செய்த குற்றம். நாடு முழுவதும் இப்படி எந்தக் காப்பீடும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள் சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் கணக்கிட்டது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் என்று மத்திய அரசு 2024இல் அறிவித்ததே, கோடு போட்டுப் பிரிப்பது இனி சரிவராது என்று ஒருவகையில் ஒப்புக்கொண்டதுதான். 69 வயதுக்காரருக்கு மாரடைப்பு வராது என்றா நினைப்பது?

கவுன்டரில் இது எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை எழுதிவைப்பது நல்லது. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஆஞ்சியோ முடிந்துவிட்டது, அடைப்பு இருக்கிறது. காப்பீட்டுப் பிரிவு ஊழியர் மகனிடம் கேட்கிறார்: "தம்பி, கார்டு இருக்கா?" இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் கியாஸ்க்குக்குப் போகச் சொல்கிறார். சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று லாகின் தாண்ட வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை மாலை என்றால் மீதியை நீங்களே ஊகிக்கலாம். அவசர ஒப்புதலுக்கு வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அட்டை பின்னால் வராமல் போனால் பில்லை யார் கட்டுவது என்ற பயத்தில் பல மருத்துவமனைகள் அந்த வழியைத் தொடுவதில்லை. மகன் அக்காவின் நகையை அடகு வைக்கப் போகிறார். ரேஷன் கார்டு இருந்தாலே போதும் என்றால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிடும்.

இதே மாநில அரசு வருமானம் கேட்காமல் ஒரு திட்டத்தை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை தரும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. எந்த ஊர்க்காரர், என்ன சம்பளம் என்று அதில் யாரும் கேட்பதில்லை.

பணம்? இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். 1.37 கோடிக் குடும்பங்கள் என்றால் ஏறத்தாழ 1,163 கோடி. மாநிலத்தில் 2.2 கோடிக்கும் அதிகமான ரேஷன் கார்டுகள் இருக்கின்றன. மிச்சமிருக்கும் எண்பது லட்சத்துச் சொச்சம் குடும்பங்களை அதே பிரீமியத்தில் சேர்த்தால் இன்னும் 700 கோடி. அரசு ஊழியர், இஎஸ்ஐ-க்காரர்களைக் கழித்தால் இது குறையும். பேக்கேஜ் கட்டணத்தைத் திருத்தினால் கூடும். அத்தனையையும் அரசே சுமக்க வேண்டியதில்லை. ராஜஸ்தானில் 2021இல் வந்த சிரஞ்சீவித் திட்டத்தில் ஏழைகள், சிறு விவசாயிகள் போன்றவர்கள் போக மற்றக் குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வைத்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. விருப்பப்பட்டவர் கட்டலாம் என்று விட்டால் டயாலிசிஸ் நோயாளியும் புற்றுநோயாளியும் முதலில் வருவார்கள், திடகாத்திரமானவர்கள் வர மாட்டார்கள், இரண்டாம் வருடமே பிரீமியம் எகிறும். அதனால் நம் யோசனை வேறு. உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி வசூலிக்கின்றன. அந்தக் கேட்பு ரசீதோடு காப்பீட்டுப் பங்கையும் சேர்த்துக் கட்டச் சொல்லலாம். தொழில் வரி வரம்புக்குள் வராதவருக்கு இலவசம். வசூலிக்கப் புதிய அலுவலகம் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம்.

இனிக் கட்டணம். ஒரு பேக்கேஜ் என்றால் என்னென்ன அடங்கும்? படுக்கை, சாப்பாடு, தியேட்டர், மயக்க மருந்து, நூல், இம்பிளான்ட், டாக்டர் ஃபீஸ். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி சேர்வதற்கு முந்தைய 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும் அதற்குள்தான். இவ்வளவையும் ஒரே தொகைக்குள் அடக்கும்போது கட்டணம் செலவைத் தொடவில்லை என்றால் மருத்துவமனை என்ன செய்யும் என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். "பெட் இல்லை", "அந்த டாக்டர் லீவு", "இந்தப் பேக்கேஜுக்கு எம்பானல் ஆகவில்லை". இல்லையென்றால் ரசீது போடாமல் ஒரு 'டெபாசிட்'. இரண்டாவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது; செய்கிற மருத்துவமனையைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். ஆனால் முதலாவதை வெறும் பேராசை என்று தள்ளிவிடவும் முடியாது. நாற்பது படுக்கை வைத்திருக்கும் தாலுகா நகர மருத்துவமனைக்கு க்ளைம் பணம் மூன்று மாதம் தள்ளி வந்தால் மருந்து விற்பனையாளரே சப்ளையை நிறுத்திவிடுவார். 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் தனியார் மருத்துவமனைகள் நிலுவைக்காக ஆயுஷ்மான் சிகிச்சையை நிறுத்தியபோது, அட்டை வைத்திருந்தவர்களும் இல்லாதவர்களும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

அரசு மருத்துவர்கள் பலர் காப்பீட்டையே எதிர்க்கிறார்கள். அரசுப் பணம் தனியாருக்குப் போகிறது, அதில் நம் மருத்துவமனைகளைக் கட்டலாமே என்கிறார்கள். இந்த வாதம் பாதி சரி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தில் க்ளைம் போட்டு, அந்தப் பணத்தில் கருவிகளும் பொருள்களும் வாங்கிக்கொள்கின்றன. எல்லாக் குடும்பங்களும் உள்ளே வந்தால் அந்த வரவும் கூடும். அரசு மருத்துவமனையில் செய்யக்கூடிய பேக்கேஜ்களை அரசு மருத்துவமனைக்கே ஒதுக்கும் பட்டியலை நீட்டுவதற்கும் நாம் ஆதரவு.

புறநோயாளிச் செலவைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டாம். நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 ஆகியிருக்கிறது, மிச்சமிருக்கும் அந்தச் செலவில் பெரும்பங்கு மாத்திரைக்கும் பரிசோதனைக்கும்தான் என்பது சரியே. ஆனால் சர்க்கரை மாத்திரைக்கு க்ளைம் போட்டால் மாத்திரையின் விலையைவிட அதைச் சரிபார்க்கும் செலவு அதிகமாகும். அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வேலை. தாய்லாந்து 2002இல் முப்பது பாட் திட்டத்தில் புறநோயாளியையும் சேர்த்தது என்று உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே மாவட்ட மருத்துவமனை வலையமைப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்தார்கள். க்ளைமுக்கு இவ்வளவு என்று கொடுக்கவில்லை.

மோசடி கூடும் என்ற அச்சத்துக்கும் ஒரு வரி. ஆயுஷ்மான் பாரத் பற்றிய மத்திய தணிக்கை அறிக்கை 2023இல் ஒரே செல்பேசி எண்ணில் ஏழரை லட்சம் பயனாளிகள் பதிவாகியிருப்பதைக் காட்டியது. ஒன்பது என்ற இலக்கத்தைப் பத்துமுறை தட்டிய எண் அது. ஏழைகளை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்த திட்டத்தில்தான் இது நடந்தது.

புதிய டெண்டருக்கான நிபந்தனைகளை எழுதுகிறவர்கள் முன்னால் நாம் வைக்க வேண்டியது குறையல்ல, கணக்கு. பித்தப்பை அறுவை, கருப்பை நீக்கம், இடுப்பு எலும்பு முறிவு, ஒரு ஸ்டென்ட், ஒரு மாத டயாலிசிஸ்: இந்த ஐந்துக்கும் உங்கள் மருத்துவமனையில் உண்மையில் ஆகும் செலவை, பொருள்வாரியாகப் பிரித்து எழுதி அனுப்புங்கள். பில் தொகை வேண்டாம், வாங்கிய விலை வேண்டும். அரசு மருத்துவமனை வாசகர்கள் மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் விலையைப் போடலாம். நோயாளியின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ அச்சாகாது. வந்த கணக்குகளை அடுத்த இதழில் அருகருகே வைத்து வெளியிடுகிறோம்.