பாரம் சுமக்கும் பழமை

அமெரிக்க நாட்டிலே 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, ஊவா மலைநாட்டில் வாழும் நாம் சிந்திக்கத்தக்கது. நெபிராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்னும் ஊருக்கருகே சரக்கு வண்டியொன்று மேலே செல்லமாட்டாது பாதையில் நின்றுவிட்டது. அவ்வழியே பின்னால் வந்த நீராவி எஞ்சின் ஒன்று, அவ்வண்டியின் பின்புறத்தே சேர்ந்து நின்று, அதனைத் தள்ளி நகர்த்திவிட்டது. 1941இல் செய்யப்பெற்ற எஞ்சின் அது. 'பிக் போய்' என வழங்கும் 25 எஞ்சின்களுள் ஒன்று. 4014 என்னும் எண்ணுடையது. 1961இல் ஓய்வு பெற்று, அரைநூற்றாண்டுக் காலம் கலிபோர்னியாவிற் காட்சிப்பொருளாய் நின்றது. யூனியன் பசிபிக் கம்பனியார் அதனை மீட்டுப் பழுது தீர்த்து 2019இல் மீண்டும் ஓடவிட்டனர். விழாக்களிலே மக்கள் கண்டு மகிழ்தற்கென ஓடவிடப்பட்ட அது, வேளை வந்தபோது தன் பழைய தொழிலையே செய்தது.

பின்னின்று தள்ளும் அவ்வேலை நமது மலைப்பாதைக்குப் புதிதன்று. கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளும் இருப்புப்பாதை, பட்டிப்பொலைக்கு அருகே கடல்மட்டத்தினின்றும் 6,200 அடிக்கு மேல் உயர்ந்து, பின்னர் ஊவாவினுள் இறங்குகின்றது. 44 அடி செல்வதற்குள் ஓரடி ஏறவேண்டிய ஏற்றங்களும், 330 அடி ஆரையுடைய வளைவுகளும் அதில் உள. நீராவிக் காலத்தில் ஓர் எஞ்சின் முன்னே இழுக்க, மற்றோர் எஞ்சின் பின்னே தள்ள, வண்டிகள் மலையேறின. இத்துன்பத்தைக் குறைத்தற்கென்றே மான்செஸ்ரர் நகரத்துப் பேயர்-பீக்கொக் கம்பனியாரிடமிருந்து 1927இல் ஒன்றும் 1945இல் எட்டுமாகக் காரற் எஞ்சின்கள் வந்தன. நடுவிலே ஒரு பெருங்கொதிகலனும், அதனை முன்னும் பின்னும் தாங்கும் இரு சக்கரத் தொகுதிகளுமாக, இரண்டு எஞ்சின்களை ஒன்றாய்ப் பிணைத்தாற்போன்ற அமைப்புடையவை அவை.

இத்துணை அரும்பாடுபட்டு இப்பாதையை ஏன் அமைத்தார்கள்? பிரயாணிகளின் கண்ணுக்கு விருந்தாகவா? அன்று. தேயிலையை இறக்குதற்கும், அரிசியையும் உரத்தையும் ஏற்றுதற்குமாகவே அமைத்தார்கள். 1885இல் நாணுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இற் பண்டாரவளையையும் எட்டிய தண்டவாளம், பதுளையை அடைவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலமும், பாதை தன்னைத்தானே சுற்றித் தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடு செல்லும் தெமோதரை வளையமும் அக்காலத்து வேலைகள். 1924 ஏப்ரலிற் பதுளைக்கு வண்டி வந்தது. அந்நாள் முதல் பசறை, மடுல்சீமை, லுணுகலைத் தோட்டங்களின் விளைவுக்குப் பதுளை நிலையமே வாயிலாயிற்று. எங்கள் மொனராகலைக்குத் தண்டவாளம் வரவேயில்லை. இங்குள்ள பிள்ளைகள் 'புகையிரதம்' என்னும் சொல்லைப் பாடநூலிற் படித்துப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே அப்பொருளைப் பதுளையிலோ பண்டாரவளையிலோ காண்கின்றனர். காணும்போது அதிற் புகையுமில்லை, நீராவியுமில்லை. பொருள் மாறியும் சொல் மாறாது நிற்கின்றது.

நீராவி நம் நாட்டை விட்டு நீங்கியதிற் குறைகூற இடமில்லை. இந்நாட்டில் நிலக்கரி விளைவதில்லை, கப்பலில் வரவேண்டியிருந்தது. கொதிகலனின் முன்னே நின்று கரி வாரிப் போட்டவர் பட்ட வெப்பமும், சுரங்கங்களினுள் அவர் உட்கொண்ட புகையும் கொஞ்சமல்ல. 1954இற் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கின. 1955இற் புகையிரதப் பகுதியின் தலைமையை ஏற்ற பி. டி. இரம்பாலா அவர்கள் அம்மாற்றத்தை விரைந்து நடத்தினார்கள். 1960களின் இறுதிக்குள் நீராவியின் ஆட்சி முடிந்தது. இங்கே ஒரு வியப்பையும் குறிப்பிடல் தகும். நீராவியை வென்ற அந்தக் கனடா எஞ்சின்களுட் சில, தாமும் எழுபது வயதை எட்டிய பின்னரும் வண்டி இழுத்து வந்தன. வேலையில் இருந்தமையால் அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் இருந்தன. கைகள் இருந்தமையால் அவையும் பிழைத்தன.

எஞ்சியுள்ள நீராவி எஞ்சின்களின் நிலை யாது? சில கடுகண்ணாவையிலே 2014இல் திறக்கப்பெற்ற தேசிய புகையிரத நூதனசாலையில் நிற்கின்றன. வேறு சில 1980களில் உயிர்ப்பிக்கப்பெற்று, உல்லாசப் பிரயாணிகளுக்கான 'வைஸ்ரோய்' என்னும் சிறப்பு வண்டியை இழுத்தன. 'பிரெடெரிக் நோர்த்', 'சர் தோமஸ் மெயிற்லண்ட்' எனப் பழைய ஆளுநர்களின் பெயர்களை அவை நெற்றியில் தாங்கியுள்ளன. இந்நாட்டில் முதல் வண்டி ஓடுதற்கு அரைநூற்றாண்டுக்கு முன்னரே ஆண்டு முடித்தவர்கள் அவ்விருவரும். எஞ்சினைக் காத்தவர்களை நாம் வாழ்த்துகின்றோம். அவர்கள் இல்லையேல் பழைய இரும்பு விலைக்கு எல்லாமே போயிருக்கும். ஆயினும், ஆளுநரின் பெயரும் விருந்தினரின் மெத்தையும் மட்டுமே காக்கப்பட்டால், அப்பாதையின் வரலாற்றிற் பாதிக்கு மேல் கைவிடப்பட்டதாகும். தேயிலைப் பெட்டியைத் தோளிலும் தலையிலும் சுமந்து வந்து வண்டியில் அடுக்கியவர்களும், மலையைக் குடைந்து பாதை வெட்டியவர்களும், மண்சரிவில் இரவு பகலாய் நின்று தண்டவாளத்தை மீட்டவர்களும் அவ்வரலாற்றில் எங்கே இருக்கிறார்கள்? அவர்களுள் நம் மக்கள் பலர். அவர்களை நினைப்பூட்டுவது விருந்து வண்டியன்று, சரக்கு வண்டியே.

ஆதலால் யான் சொல்ல விழைவது இது: நீராவி எஞ்சின் ஒன்றை ஊவாவிற் காத்து ஓட்டுவதாயின், அதன் பின்னே சரக்குப் பெட்டிகளையும் பூட்டுக. அப்பெட்டிகளில் மெய்யான சரக்கை ஏற்றுக. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கருவி தன் உருவத்தை மட்டுமே காட்டும். பாரம் ஏறிய பின்னரே அதன் தொழில் விளங்கும். ஏற்றம் எவ்வளவு கொடிது, நீராவியின் அழுத்தம் எப்போது தளரும், எவ்விடத்தில் மணல் தூவினாற் சக்கரம் வழுக்காது என்பனவெல்லாம் பாரத்தோடு செல்லும் சாரதிக்கே தெரியவரும். அவ்வறிவு ஏட்டில் ஏறாதது; கையிலிருந்து கைக்கு மாறுவது. ஒரு தலைமுறை இடையறுந்தால் மீளாது.

கை மறவாமையின் பயனை உலகம் கண்டிருக்கின்றது. 1980இல் விடுதலை பெற்ற சிம்பாப்வே நாடு, எண்ணெய் விலைக்கு அஞ்சித் தன் ஹுவாங்கேச் சுரங்க நிலக்கரியை நம்பி, எண்பதுக்கு மேற்பட்ட காரற் எஞ்சின்களைப் பழுது தீர்த்துச் சரக்கு வண்டிகளிற் பூட்டியது. நம் மலையில் ஏறிய எஞ்சின்களின் இனமே அவை. தமிழ்நாட்டிலோ, திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைப் பணிமனையார் நீலகிரி மலைப்பாதைக்கெனப் புதிய நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலேயே செய்து கொடுத்துள்ளனர். 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அப்பாதை, பழைய எஞ்சின்களைக் காத்ததோடு அமையாது, எஞ்சின் செய்யும் வல்லமையையும் காத்தது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். ஏட்டுச்சுவடிகள் பரணிலும் பேழையிலும் பன்னூறாண்டு இருந்தன. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றினார்கள். அதன் பின்னரே அந்நூல்கள் வகுப்பறைக்கு வந்தன, மாணவர் ஐயம் வினவினர், புலவர் வாதிட்டனர், அகராதியிற் சொற்கள் ஏறின. நூல் மீண்டும் வேலைக்கு வந்தது. சுவடியைப் பட்டுத்துணியிற் சுற்றி ஆண்டுக்கொரு நாள் பூவிட்டு வணங்கியவர்களும் அதனைக் காத்தவர்களே. அவர்களைப் பழித்தல் தகாது. ஆயினும், படித்துப் பயன்கொண்டவர்களாலேயே அந்நூல் வாழ்ந்தது.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். அம்மறுப்புக்கள் வலிமையற்றன அல்ல. கடன்சுமையில் அமிழ்ந்து 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. பழைய எஞ்சினுக்குப் பொருள் எங்கே என்பர். லொறி தோட்டத்து வாயிலிலேயே பெட்டியை ஏற்றித் துறைமுகத்து வாயிலிலே இறக்கும்போது, இடையில் இருமுறை ஏற்றியிறக்கும் புகைவண்டி எதற்கு என்பர். ஊவாவிற் கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களிற் பதனைப் புற்கள் காய்ந்து கிடக்கும். எஞ்சினின் தீப்பொறி ஒன்று மலையையே எரித்துவிடும் என்பர். கொதிகலனிற் சிறு பிழையும் உயிருக்கு இறுதியாகும் என்பர்.

இவையனைத்தையும் ஏற்றுக்கொண்டே விடை கூறுவோம். டீசலை நீக்கி நீராவியைக் கொணர்க என்பார் எவருமிலர். ஆண்டிற் சில நாட்கள், மழை ஓய்ந்து புல் பசுமையாயிருக்கும் காலத்தில், பாதை சீராயிருக்கும்போது, பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே ஒரு வண்டி ஓடினால் அமையும். புகைபோக்கியிலே பொறி தடுக்கும் வலை இடுதல் பழைய முறையே. கொதிகலனைத் தக்கார் சோதித்துச் சான்று தந்தாலன்றி நெருப்பு மூட்டலாகாது. செலவின் ஒரு பகுதியை உல்லாசப் பிரயாணிகளின் பெட்டி தாங்கட்டும். அதற்குப் பின்னே பூட்டிய பெட்டிகளில் ஊவாத் தேயிலையும், வெலிமடைக் காய்கறியும், மொனராகலை இறப்பரும் செல்லட்டும். நீராவி எஞ்சின் சுமந்து வந்த ஊவாத் தேயிலை என்று முத்திரையிட்டு விற்றால் விரும்பி வாங்குவோர் இருப்பர்; அதன் வருவாயிற் பங்கு தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்குச் சேரட்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நீராவிக் காலத்திற் பணிபுரிந்தோரும், நிலையங்களிலே தேயிலைப் பெட்டி ஏற்றியோரும் அருகி வருகின்றனர். அவர்கள் வழங்கிய சொற்களும் அவர்களோடு மறைகின்றன. தோட்டத்து முதியோர் 'கோச்சி' என்றே சொல்வர். அச்சொல்லைச் சூழ்ந்து எத்தனையோ வழக்குகள் பிறந்தன. தமிழரும் சிங்களவரும் ஒரே எஞ்சினில் வேலை செய்தபோது இரு மொழிக்கும் பொதுவாய் அமைந்த சொற்களும் பல. விடுமுறைக் காலத்தில் மாணவர் தத்தம் ஊர் முதியோரிடம் சென்று இவற்றைக் கேட்டு எழுதட்டும். பெட்டி ஏற்றியவரின் பெயரையும் ஊரையும் அவர் இசைவுடன் குறிக்கட்டும். 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாய்க் கொண்டு மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்நினைவு மேடைப் பேச்சோடு நின்றுவிடலாகாது. கடுகண்ணாவை நூதனசாலையிலே ஆளுநரின் பெயருக்குப் பக்கத்திலே, சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் மும்மொழியில் இடம்பெறக் கேட்பது நமது உரிமை.

புகையிரதப் பகுதியாரும் தோட்டக் கம்பனிகளும் மாகாண சபையாரும் ஒருங்கு கூடி இதனை ஆராய்வார்களாக. பழைய எஞ்சின் மீண்டும் பாரம் இழுத்துத் தெமோதரை வளையத்தைச் சுற்றி ஏறும் நாளில், பள்ளிப் பிள்ளைகளை வழிநெடுக நிறுத்துவோம். தம் பாட்டனார் ஏற்றிய பாரம் எத்தகையது என்பதை அவர்கள் தம் கண்ணாற் கண்டறியட்டும்.