ஆஃபர் லெட்டர் கையில், எம்.டெக் கனவில்: ரெண்டு வருஷம் பொறுங்க மக்களே!

பிளேஸ்மென்ட் முடிந்து ஆஃபர் லெட்டர் வந்த கையோடு ஹாஸ்டலில் கிளம்பும் அடுத்த பேச்சு இதுதான்: "வேலைல சேர்ந்துட்டு அப்படியே ஆன்லைன்ல ஒரு எம்.டெக் போட்டுரலாம் மச்சி." சம்பளத்துக்குச் சம்பளம், டிகிரிக்கு டிகிரி. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். கேட்க நல்லாத்தான் இருக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முதுகலைப் பொறியியல் படிப்பது நல்ல வழி. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே அதில் குதிப்பது நம்மில் பலருக்குச் சரிப்படாது. குறைந்தது ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பார்த்துச் சேருங்கள். ஏன் என்று சொல்கிறேன். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

இந்தக் கதவு யாருக்கு?

கேட் மதிப்பெண்ணோடு முழுநேர எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஹாஸ்டல், மெஸ், கொஞ்சம் பாக்கெட் மணி என்று ஒரு ஆளுக்கு அது ஓடும். ஆனால் நம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு ஆள் மட்டும்? முதல் பட்டதாரிச் சான்றிதழ் வைத்து கவுன்சிலிங்கில் சீட் வாங்கியவர்கள் இருக்கிறோம். பேங்க்கில் கல்விக் கடன் நிற்கிறது. தங்கச்சி இப்போதுதான் பிளஸ் டூ. வீட்டில் எல்லாரும் அந்த முதல் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் போய் "இன்னும் ரெண்டு வருஷம் படிக்கிறேன்பா" என்று சொல்ல வாய் வராது.

அப்படிப்பட்டவருக்கு வேலையோடு சேர்ந்த மேற்படிப்பு ஒரு வசதி இல்லை, இருக்கிற ஒரே கதவு. அதனால்தான் அந்தக் கதவில் தடுக்கி விழக்கூடாது என்கிறேன். வசதியான வீட்டுப் பையன் ஒரு செமஸ்டர் ஃபீஸை விட்டுவிட்டு வெளியே வந்தால் அவனுக்கு அது ஒரு அனுபவம். நமக்கு அது ஒரு வருஷ இ.எம்.ஐ.

வழிகள் நிஜமாவே இருக்கு

ஐ.ஐ.டி. மெட்ராஸ் வேலையில் இருப்பவர்களுக்கென்றே இணையவழி எம்.டெக் நடத்துகிறது. வேலை நேரம் முடிந்த பிறகு மாலையில் நேரலை வகுப்பு. ஐ.ஐ.டி. கான்பூரின் இ-மாஸ்டர்ஸுக்கு கேட் தேவையில்லை, ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் முடிக்கலாம். ஆனால் அந்தப் பட்டத்தின் பெயர் எம்.டெக் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிட்ஸ் பிலானி 1979-லிருந்தே வேலையில் இருப்பவர்களுக்கான பட்டங்களை நடத்தி வருகிறது. எம்.டெக் என்றால் நாலு செமஸ்டர், வார இறுதி வகுப்புகள், கடைசியில் ஆய்வேடு. விப்ரோ மாதிரியான கம்பெனிகள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்துத் தாங்களே எம்.டெக் படிக்க வைக்கின்றன.

வெளிநாட்டுப் பக்கம் போனால், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் கம்ப்யூட்டர் சயன்ஸில் ஒரு ஆன்லைன் எம்.எஸ். தொடங்கியது. தொடங்கியபோது மொத்தப் படிப்புக்கும் ஆன செலவு சுமார் 7,000 டாலர். பத்து பாடம். கேம்பஸில் படித்தவருக்குக் கொடுக்கும் அதே பட்டம். ஆனால் இதை வைத்து அமெரிக்காவில் கால் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிருந்து ஆன்லைனில் படித்தால் மாணவர் விசாவும் கிடையாது, அதோடு வரும் வேலை அனுமதியும் கிடையாது.

முதல்ல காகிதத்தைப் பாருங்க

2017 நவம்பர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒடிசாவில் ஒரு அரசு நிறுவனத்தில் பதவி உயர்வு தொடர்பாகக் கிளம்பிய வழக்கு அது. நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாமல் தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. அதில் ஒன்று நம்ம தமிழ்நாட்டுடையது. 2001-05 கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் பாஸ் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்றது கோர்ட். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து.

யோசித்துப் பாருங்கள். பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு என்று கஷ்டப்பட்டு பாஸ் செய்தவர்கள். அந்தப் பட்டத்தைக் காட்டி பதவி உயர்வும் வாங்கியாச்சு. பத்து வருஷம் கழித்து அந்தக் காகிதம் செல்லாது என்றால் எப்படி இருக்கும்? ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது கோர்ட். வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இப்போது விதி இன்னும் தெளிவு. யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள்படி பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது. ஐ.ஐ.டி.கள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன, பட்டம் கொடுக்கும் அதிகாரம் அவற்றுக்கே இருக்கிறது. அதனால் "ஆன்லைன் எம்.டெக், அட்மிஷன் ஓப்பன்" என்று இன்ஸ்டாவில் விளம்பரம் வந்தால் முதல் கேள்வி சிலபஸைப் பற்றி இருக்கக்கூடாது. "எந்த அனுமதியில் நடத்துறீங்க? எழுத்துல கொடுங்க" என்று கேளுங்கள். போனில் பேசும் கவுன்சிலர் "எல்லாம் அப்ரூவ்டு சார்" என்பார். அவர் வேலை அது. பட்டச் சான்றிதழில் என்ன அச்சிடுவார்கள் என்பதன் மாதிரியையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் பேராசிரியர் வேலையோ அரசு வேலையோ மனதில் இருந்தால், அங்கே இந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

168 மணி நேரக் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்றால் வாரம் 45. தாம்பரத்திலிருந்து சிறுசேரி போய் வர தினமும் ரெண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் 10. தூக்கம் ஏழு மணி நேரம் என்றால் 49. குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது எல்லாம் தினம் மூன்று மணி நேரம், அது 21. மொத்தம் 125. மிச்சம் 43.

"அட, 43 இருக்கே!" என்று தோன்றும். ஒரு பாடத்தை ஒழுங்காகப் படிக்க வாரம் 10 முதல் 15 மணி நேரம் ஆகும். ரெண்டு பாடம் எடுத்தால் 30 வரை போய்விடும். மிச்சம் 13 மணி நேரத்தில்தான் அம்மாவோடு பேசுவது, ஊருக்குப் போவது, நண்பன் கல்யாணம், காய்ச்சல், சும்மா உட்காருவது எல்லாம் அடங்க வேண்டும். ரிலீஸ் நேரத்தில் வேலையே 60 மணி நேரமாகும் வாரங்களும் வரும். அப்போது முதலில் அடி வாங்குவது தூக்கம். அடுத்து அசைன்மென்ட்.

ஃப்ரெஷருக்கு இது இன்னும் கஷ்டம். சீனியர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு நமக்கு ஒரு நாள் ஆகும். அது இயல்புதான். ஆனால் அந்தக் கற்றலும் அதே 168-லிருந்துதான் வர வேண்டும்.

ஏன் ரெண்டு வருஷம்?

நேரத்தை விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. எதைப் படிப்பது என்று இப்போது நமக்குத் தெரியாது.

மெக்கானிக்கல் முடித்தவர் ஜாவா ப்ராஜெக்ட்டில் உட்காருகிறார். ஈ.சி.இ. முடித்தவர் டெஸ்டிங்கில். இந்த நிலையில் ஸ்பெஷலைசேஷன் எப்படித் தேர்ந்தெடுப்போம்? எல்லாரும் ஏ.ஐ. எடுக்கிறார்கள், நானும் ஏ.ஐ. கவுன்சிலிங்கில் பிராஞ்ச் எடுத்த அதே முறை! அது எப்படி இருந்தது என்று நாலு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கோம்?

ரெண்டு வருஷம் கழித்து நிலைமை வேறு. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் அதிர்வுத் தரவை தினமும் பார்ப்பவருக்கு சிக்னல் ப்ராசஸிங் பாடம் வெறும் ஃபோரியர் ஃபார்முலா இல்லை. திங்கட்கிழமை காலை போட்டுப் பார்க்க வேண்டிய கருவி. ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்து சர்வர் படுத்ததை நேரில் பார்த்தவருக்கு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் புரியும் விதமே வேறு. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடியும் அலைய வேண்டாம். (ஆபீஸ் தரவை எடுப்பதற்கு முன் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்!)

ஜார்ஜியா டெக் படிப்பைப் பற்றி ஜோஷ்வா குட்மன் என்ற பொருளாதார அறிஞரும் இன்னும் இருவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கேம்பஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வழக்கமான ஆள் 24 வயது இந்தியர், அப்போதுதான் டிகிரி முடித்தவர். ஆன்லைன் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வழக்கமான ஆள் 34 வயது அமெரிக்கர், வேலையில் இருப்பவர். அந்த 34 வயதுக்காரருக்குத் தனக்கு எது தெரியவில்லை என்று தெரியும். அந்தத் தெளிவு நமக்கும் வர பத்து வருஷம் வேண்டாம். ரெண்டாவது வேணும்.

"டச் விட்டுப் போயிடுமே?"

நியாயமான கேள்வி. லீனியர் அல்ஜீப்ரா ரெண்டு வருஷத்தில் மறந்துதான் போகும். இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. வகுப்பில் பெண்கள் கேட்பது: "ரெண்டு வருஷம் கழிச்சா வீட்டுல கல்யாணப் பேச்சு எடுத்துருவாங்க. அப்புறம் எங்க படிக்க?" இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. உங்கள் வீட்டு நிலைமை அப்படியென்றால் சீக்கிரம் தொடங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம் எடுக்க விடும் படிப்பாகப் பாருங்கள். நடுவில் ஒரு செமஸ்டர் நிறுத்திவிட்டுத் திரும்ப வர முடியுமா என்றும் கேளுங்கள். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் இந்த வழியே வேண்டாம், முடிந்தவரை கேட் எழுதி முழுநேரம் போகப் பாருங்கள். லேபில் கிடைக்கும் நாட்கள் திரையில் கிடைக்காது.

டச் விடாமல் இருக்க வழி நம் கையிலேயே இருக்கிறது. என்.பி.டி.இ.எல். ஆமா, கிரெடிட்டுக்காக எடுத்து, யூடியூபில் விடை பார்த்து அசைன்மென்ட் போட்டோமே, அதேதான். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு 12 வாரப் பாடம் எடுங்கள். இந்தத் தடவை விடையைப் பார்க்காமல். தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்குப் போய் எழுதுங்கள். மதிப்பெண்ணில் முக்கால் பங்கு அந்தத் தேர்வுதான்.

ரிலீஸ், ஊர்த் திருவிழா, காய்ச்சல் எல்லாம் வந்துபோகும் 12 வாரத்தில் அதை முடித்துவிட்டீர்கள் என்றால், உங்களால் எம்.டெக் முடியும். நாலாவது வாரமே நின்றுபோனால் நஷ்டம் ஆயிரம் ரூபாய். அதே உண்மையை ரெண்டாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மலிவு. அடுத்த வருஷம் திரும்ப முயற்சி பண்ணலாம். கல்விக் கடனும் அதற்குள் கொஞ்சம் குறைந்திருக்கும்.