மூக்கே சொல்லுதே!

கல்யாண வீடுகளில் ஒரு மாமா இருப்பார். பந்தியில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே உங்களை உற்றுப் பார்த்து, 'நீ கும்பகோணம் ராமசாமி பையன்தானே? மூக்கே சொல்லுதே!' என்பார். உங்கள் அப்பா பெயர் சண்முகம். கும்பகோணம் பக்கம் நீங்கள் போனதே இல்லை. மாமா விடமாட்டார்.

கடல்பாசிகளுக்குப் பெயர் வைத்தவர்களும் ரொம்ப நாள் இந்த மாமா மாதிரிதான். ஜாடையை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

உல்வா என்று ஒரு பச்சைப் பாசி. ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753-ல், இலை போலத் தட்டையாக இருந்ததையும் குழாய் போல இருந்ததையும் உல்வா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். 1820-ல் லிங்க் என்ற ஜெர்மானியர் பாகப்பிரிவினை செய்தார். தட்டை வேறு, குழாய் வேறு! குழாய்க்கு என்டெரோமார்ஃபா என்று பெயர். அர்த்தம், குடல் வடிவம். தாவரவியல் மாணவர்கள் நூற்றெண்பது வருஷம் இதை மனப்பாடம் செய்து பாஸானார்கள்.

அப்புறம் டி.என்.ஏ. வந்தது. ஏ, டி, ஜி, சி என்ற 4 எழுத்தில் எழுதிய நீளமான சர்க்குலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை காப்பி எடுக்கும்போது எழுத்துப்பிழை விழும். இரண்டு காப்பியில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்று. வித்தியாசம் கூடக்கூட உறவு தூரம். சிம்பிள்.

2003-ல் ஹேடன் குழுவினர் இப்படிப் படித்துப் பார்த்ததில், வம்ச மரத்தில் குழாயும் தட்டையும் கலந்துகட்டிக் கிடந்தன. ஒரே இனம்கூட ஓரிடத்தில் குழாயாகவும் வேறிடத்தில் தட்டையாகவும் வளருமாம். லின்னேயஸ் சொன்னதே சரி என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள். என்டெரோமார்ஃபா தாய்வீடு திரும்பியது.

பேர்ல என்ன சார் இருக்கு என்கிறீர்களா? 2008-ல் சீனாவின் சிங்டாவ் நகரில் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குக் கொஞ்சம் முன்னால், கடல் முழுக்கப் பச்சைப் பாசி. ராணுவம் இறங்கி 10 லட்சம் டன்னுக்கு மேல் வாரியது. எவன் வீட்டுப் பாசி? ஜீன்கள் ஆளை அடையாளம் காட்டின: உல்வா புரோலிஃபெரா. சாட்டிலைட் படங்களும் சேர்ந்து, தெற்கே ஜியாங்சு கரையில் நோரிப் பாசி (ஜப்பானில் சோற்றைச் சுற்றித் தின்பார்களே, அது) வளர்க்கும் தெப்பங்கள் பக்கம் கை காட்டின. ஆள் தெரிந்தால்தானே அடுத்த வருஷமாவது தடுக்கப் பார்க்கலாம்?

லின்னேயஸுக்கும் ஒரு குட்டு விழுந்தது. லண்டனில் பத்திரமாக இருக்கும் அவருடைய உல்வா லாக்டுகா மாதிரியில் துளி கிள்ளிப் படித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் குளிர்கடல் பாசி என்று எல்லோரும் நம்பியது, வெப்பக்கடல் பாசி! உல்வா ஃபாஸியேட்டா என்று தனிப்பெயரில் உலவிய அதே ஆசாமி. அந்தப் பெயர் நம் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பட்டியல்களிலும் உண்டு. குளிர்கடல் பாசிக்கு இப்போது வேறு பெயர்: உல்வா ஃபெனஸ்ட்ரேட்டா. இரண்டரை நூற்றாண்டு ஆள்மாறாட்டம்.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

'அதெல்லாம் பாசிக்குப்பா. இது ராமசாமி மூக்கேதான்!'