ரசத்தில் கலக்கலாமா, குடி நிறுத்தும் மாத்திரை?

"அவருக்குத் தெரியாம ரசத்துல கலந்து குடுத்துரலாமா தம்பி?" ஆரணிப் பக்கம் திருமலையில், பட்டு நெய்யும் அக்கா ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கணவர் குடித்துவிட்டுப் படுத்தால் தறி நின்றுவிடும். சேலையை நெய்து கொடுத்தால்தான் கூலி.

வேண்டவே வேண்டாம் அக்கா.

அவர் கேட்டது டைசல்ஃபிராம் மாத்திரையை. டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேகப்சன் இருவரும் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது குடித்தபோது உடம்பு பாடாய்ப் படுத்தியது. 1948-ல் அதுவே குடிநோய்க்கு மருந்தானது.

மது உடம்புக்குள் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். உடம்பு அதை முறித்துவிடும். அந்த வேலையை இந்த மாத்திரை தடுக்கிறது. வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளி என்றால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் 2 வாரம் வரை ஆபத்து உண்டு. விஷயமே தெரியாதவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் போட்டால்?

வேறு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்சோன் குடியின் கிறக்கத்தை மழுக்கும். அகாம்ப்ரோசேட், நிறுத்தியவர் மறுபடி தொடாமலிருக்க உதவும். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எது பொருந்தும் என்று கல்லீரல், சிறுநீரகம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதற்கும் அவர் துணை தேவை.

டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், வீட்டாரும் அழைக்கலாம். அக்கா அதை செல்போனில் பதிந்துகொண்டார், 'கேஸ் கம்பெனி' என்ற பெயரில்.