ஆதம் மலை எங்கும் போய்விடாது

அன்பான மன்னார் உறவுகளே,

டிசம்பர் விடுமுறை வந்தால் ஆதம் மலைக்கு வேன் பேசத் தொடங்கிவிடுகிறோம். டிசம்பர் போயாவோடு யாத்திரைக் காலம் தொடங்கும். முதல் ஆட்களாக ஏறிவிட வேண்டுமென்று பிள்ளைகளுக்கும் ஆசை, நமக்கும் ஆசை. 1344இல் இப்னு பதூதா ஏறிய மலையல்லவா!

ஆனால் அந்த நேரம் மலைநாட்டு மண் ஊறிக் கிடக்கும். மழை விட்டாலும் உள்ளே இறங்கிய நீர் உடனே வடியாது. வெயிலடிக்கும் நாளிலும் சரிவு இறங்கலாம். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்ததையும் மறக்க முடியுமா?

வாடையில் கடல் பொங்கினால் வள்ளத்தைக் கரையில் ஏற்றுகிறோம். அதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை. மலைக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

யாத்திரைக் காலம் மே மாத வெசாக் வரை இருக்கிறது. மழை ஓயட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு நாள் குறிப்போம். வேனுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல். ஆசிரியர்களாகிய எங்கள் கையில் நீங்கள் தருவது உங்கள் பிள்ளைகளை, அது அமானிதம்.